இக்காமால இருந்த ஒரு வரிய வெச்சு அரபு வேர்ச்சொல் பிடிக்கிறது எப்படி

சவூதி போன புதுசுல கைல குடுத்த இக்காமா கார்டுல, அதாவது அங்க தங்கி வேலை பாக்குறதுக்கான அனுமதி அட்டைல, தொழில்ங்கிற இடத்துல அரபுல ஒரு வரி இருந்துச்சு. எனக்கு அது வெறும் கோடும் புள்ளியும்தான். எங்க ரூம்ல அடுத்த கட்டில்ல சூடான் நாட்டு பெரியவர் ஒருத்தர் இருந்தார், அவர் கார்ட வாங்கி வெளிச்சத்துல காட்டி மெதுவா படிச்சார்: "ஆமில் தஹ்மீல் வ தன்ஸீல்". சரக்கு ஏத்தி இறக்குற வேலையாள்னு அர்த்தம். ஊர்ல ஏஜென்ட் சொல்லி அனுப்பின வேலை வேற, கார்டுல இருந்த வேலை வேற. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்த ஒத்த வரிய படிக்க தெரிஞ்சிருந்தா எவ்ளோ நல்லாருந்திருக்கும்னு அன்னிக்கு ராத்திரி மனசே ஆறல. பெரியவர் ஒரு அட்டைப்பெட்டி மூடிய கிழிச்சு அதுல அந்த வரிய பெருசா எழுதினார், எழுதிட்டு ஒவ்வொரு வார்த்தையிலயும் மூணு எழுத்த மட்டும் வட்டம் போட்டார். அதான் எனக்கு மொத அரபு பாடம். இப்ப புதுசா வர்ற பசங்களுக்கு நான் சொல்லிக் குடுக்குறதும் அந்த வட்டத்துலேர்ந்துதான்.

இத படிக்க அரபு எழுத்து 28-ம் அடையாளம் தெரிஞ்சா போதும், மத்ரஸால ஓதக் கத்துக்கிட்டவங்களுக்கு அது ஏற்கனவே கைல இருக்கும், மத்தவங்க தினம் ரெண்டு எழுத்துன்னு வெச்சா ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம். இலக்கணம் எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம்.

மொதல்ல வேர்னா என்னன்னு புரிஞ்சுக்கங்க

நம்ம தமிழ்ல ஒரு சொல்ல நீட்டணும்னா பெரும்பாலும் பின்னாடி ஒட்டுவோம். படி, படிப்பு, படிச்சவன், படிப்பாளி. ஆனா பள்ளிக்கூடத்துல "முதனிலை திரிந்த தொழிற்பெயர்"னு ஒண்ணு படிச்சோமே ஞாபகம் இருக்கா, சுடு – சூடு, கெடு – கேடு, படு – பாடு. பின்னாடி எதையும் ஒட்டாம உள்ள இருக்க உயிர மட்டும் நீட்டினா புது சொல் வந்துடுது. தமிழ்ல இது ஒரு சின்ன மூலைல இருக்க விஷயம். அரபுல மொத்த மொழியும் இப்படித்தான் ஓடுது.

க், ல், ம்னு மூணு மெய் எடுத்துக்கங்க. கலம், காலம், கோலம்னு தமிழ்ல வரும், ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் சம்பந்தம் கிடையாது. அரபுல அப்படி மூணு மெய் ஒரே வரிசைல வந்தா அநேகமா எல்லாம் ஒரே குடும்பம். காஃப்-தா-பா எடுத்துக்கங்க, எழுதுறது சம்பந்தப்பட்டது எல்லாம் அதுலதான். கதப – எழுதினான், கிதாப் – புத்தகம், காதிப் – எழுதுறவர், மக்தூப் – எழுதப்பட்டது, மக்தப் – எழுதுற இடம், அதாவது ஆபீஸ், மக்தபா – நூலகம் இல்லன்னா புத்தகக்கடை. நம்ம முஸ்லிம் ஊர்கள்ல கிதாபு ஓதுறதுன்னு சொல்றோம், சின்ன பிள்ளைங்க போறது மக்தப் மத்ரஸா, ரெண்டும் ஒரே வேர்.

ரெண்டாவது, அச்சு

முறுக்கு புழியுற அச்ச நினைச்சுக்கங்க. மாவு ஒண்ணுதான், போடுற வில்லைய மாத்தினா தேன்குழல் வருது, முள்ளு முறுக்கு வருது, ஓமப்பொடி வருது. மாவுதான் வேர். வில்லைதான் அச்சு. அரபு படிச்சவங்க இத வஸ்ன்னு சொல்லுவாங்க, எடைன்னு அர்த்தம், எனக்கு முறுக்கு அச்சுதான் வசதியா இருக்கு.

அச்சு நிறைய இருக்கு, ஆனா ஆரம்பத்துல அஞ்சாறு தெரிஞ்சாலே ரோட்டுல இருக்க பலகைல பாதிய உடைச்சுப் பாக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு தெரிஞ்ச வார்த்தைய பேரா வெச்சுக்கங்க. காதிப் அச்சு – செய்யுறவர். மக்தூப் அச்சு – செய்யப்பட்டது. மக்தப் அச்சு – செய்யுற இடம். தஃலீம் அச்சு – ஒண்ண இன்னொருத்தருக்கு இல்ல இன்னொண்ணுக்கு செய்ய வெக்குறது. முஅல்லிம் அச்சு – அப்படி செய்ய வெக்குறவர். இஸ்திஃமால் அச்சு – ஒண்ண கேட்டு வாங்குறது, இல்ல ஒண்ண வேலைக்கு எடுத்துக்குறது. இத மனப்பாடம் பண்ண உக்காராதீங்க, கீழ வர்ற வார்த்தைங்கள பாக்க பாக்க தானா படியும்.

ஒரு விஷயம், நான் ஃ போட்டு எழுதுறேனே தஃலீம், மஃமூல்னு, அந்த இடத்துல அய்ன்ங்கிற எழுத்து இருக்கு. தொண்டைய இறுக்கி சொல்ற சத்தம், தமிழ்ல அதுக்கு எழுத்து இல்ல. காஃப், அலிஃப்னு ப-வுக்கு முன்னாடி வர்ற ஃ மட்டும் வேற, அது இங்கிலீஷ் f சத்தம். ஆமில், ஆலிம்னு மொதல்ல வரும்போதும் அந்த "ஆ"க்கு பின்னாடி அய்ன்தான் ஒளிஞ்சிருக்கு. இத தெரிஞ்சு வெச்சுக்கலன்னா வேர்ல ஒரு எழுத்து காணாம போயிடும்.

மூணாவது, ரெண்டே ரெண்டு வேர் எடுத்து முழுசா பாக்குறது

நான் எப்பவும் எடுக்குறது அய்ன்-மீம்-லாம், அய்ன்-லாம்-மீம். அதே மூணு எழுத்து, வரிசை மட்டும் மாறுது. மொதல்ல உள்ளது வேலை, ரெண்டாவது அறிவு. வரிசை எவ்ளோ முக்கியம்னு இதுலயே புரிஞ்சிடும். 8-ம் நூற்றாண்டுல பஸ்ரால இருந்த கலீல் இப்னு அஹ்மத்தான் அரபுக்கு மொத அகராதி போட்டவர், அதுக்கு பேரே கிதாபுல் அய்ன், அவர் எழுத்துங்கள தொண்டைலேர்ந்து உதடு வரைக்கும் சத்தம் பிறக்குற இடப்படி அடுக்கினதால அய்ன்லேர்ந்து ஆரம்பிக்குது. மூணு எழுத்த எத்தன விதமா வரிசை மாத்தலாமோ அத்தனையும் ஒரே இடத்துல வெச்சு, இது வழக்கத்துல இருக்கு இது இல்லன்னு பாத்துக்கிட்டே போவார். அய்ன், லாம், மீம்னா ஆறு வரிசை ஆகும். 1200 வருஷத்துக்கு முன்னாடி ஒரு மனுஷன் ஒக்காந்து இத செஞ்சிருக்கார்னு நினைச்சா எனக்கு இன்னும் மலைப்பாதான் இருக்கு.

சரி, வேலைய பாப்போம். அய்ன்-மீம்-லாம்.

அமல்னா வேலை, செயல். தமிழ்ல "சட்டம் அமலுக்கு வந்துச்சு"ன்னு பேப்பர்ல போடுறாங்களே அதேதான், செயலுக்கு வந்துச்சுன்னு அர்த்தம். பள்ளிவாசல் பயான்ல நல்ல அமல்னு சொல்றதும் அதேதான். காதிப் அச்சுல போட்டா ஆமில், வேலை செய்யுறவன், என் இக்காமால இருந்த மொத வார்த்தை. மக்தப் அச்சுல போட்டா மஃமல், வேலை நடக்குற இடம், லேப், பட்டறை. முஆமலான்னா கொடுக்கல் வாங்கல், சவூதி ஆபீஸ்கள்ல உங்க ஃபைலுக்கே முஆமலான்னுதான் சொல்லுவாங்க, கவுன்டர்ல "ரகம் முஆமலா"ன்னு கேட்டா உங்க ஃபைல் நம்பர கேக்குறாங்க. இஸ்திஃமால்னா உபயோகம், மருந்து டப்பா பின்னாடி தரீக்கத்துல் இஸ்திஃமால்னு இருந்தா உபயோகிக்கிற முறை. எக்ஸ்சேஞ்ச் கடைல பாக்குற உம்லான்னா நாணயம், கரன்சி. உமூலான்னா கமிஷன். அமீல்னா வாடிக்கையாளர். அமலிய்யான்னா நடவடிக்கை, ஆனா ஆஸ்பத்திரில அமலிய்யான்னு சொன்னா ஆபரேஷன், இத மட்டும் மறக்காதீங்க, ஏதோ ஃபார்ம்ல கையெழுத்து வாங்குறாங்கன்னா அந்த வார்த்தை இருக்கான்னு பாருங்க.

மக்தூப் அச்ச கடைசிக்கு வெச்சேன். அய்ன்-மீம்-லாம மக்தூப் அச்சுல போட்டா மஃமூல். செய்யப்பட்டது. வழக்கமா செய்யப்படுறதுன்னு உருதுல ஆகி நம்மகிட்ட வந்தது மாமூல். "ஊர் மாமூல் நிலைக்கு திரும்புச்சு"ன்னா வழக்கமான நிலை. போலீஸ் மாமூல்ங்கிறதும் மொதல்ல வழக்கமா குடுக்குறதுங்கிற அர்த்தத்துல வந்ததுதான். பக்காலாவுல, அதாவது மளிகைக்கடைல, பேரீச்சம்பழம் உள்ள வெச்ச பிஸ்கட் பாக்கெட் ஒண்ணு வெச்சிருப்பாங்க, மேல பெருசா மஃமூல்னு போட்டிருக்கும், லெபனான் சிரியா பக்கம் பெருநாளுக்கு வீட்டுல செய்யுற பலகாரம் அது. நான் மொத தடவ அத எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிச்சப்போ கடைல அப்படியே நின்னுட்டேன். நம்ம மாமூலும் அந்த பிஸ்கட்டும் ஒரே வார்த்தை, ஒரே அச்சு. மூணு ரியாலுக்கு ஒரு பாக்கெட் வாங்கி ரூமுக்கு கொண்டுபோய் பெரியவர்ட்ட குடுத்தேன், அவருக்கு நம்மூரு மாமூல விளக்குறதுக்குள்ள ராத்திரி சாப்பாட்டு நேரமே ஆயிடுச்சு.

இப்ப வரிசைய மாத்துங்க. அய்ன்-லாம்-மீம்.

இல்ம் – அறிவு, கல்வி. காதிப் அச்சுல ஆலிம், அறிஞர். மக்தூப் அச்சுல மஃலூம், தெரிஞ்சது, ஹிந்திக்காரங்க "மாலூம்"னு சொல்றது இதேதான். தஃலீம், இன்னொருத்தர அறிய வெக்குறது, அதாவது கல்வி கத்துக் குடுக்குறது. வஸாரத்துத் தஃலீம்னா கல்வி அமைச்சகம். தஃலீமாத்னா அறிவுறுத்தல்கள், மெஷின் மேல ஒட்டியிருக்கும். இஃலாம்னா தெரிய வெக்குறது, டிவி பேப்பர் எல்லாம் சேந்த மீடியாவுக்கு அந்த பேர்தான். அலம்னா கொடி. அலாமான்னா அடையாளம், நான் ஸ்டோர்ல வேலை பாத்தப்போ ஒவ்வொரு பெட்டிலயும் அலாமா திஜாரிய்யான்னு இருக்கும், வியாபாரக் குறி, டிரேட்மார்க்.

அறிவுக்கும் கொடிக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க, நானும் கேட்டேன். வேர்களோட அடிப்படை அர்த்தத்த தேடி அகராதி போட்டவர் இப்னு ஃபாரிஸ்னு ஒருத்தர், 1004-ல காலமானவர். அவர் இந்த வேருக்கு சொன்ன அர்த்தம் அவ்ளோ அழகு: ஒரு பொருள மத்ததுலேர்ந்து பிரிச்சுக் காட்டுற தடம். கொடி பிரிச்சுக் காட்டுது, குறி பிரிச்சுக் காட்டுது, அறிவும் அதத்தான் செய்யுது.

இன்னும் ஒண்ணு இருக்கு இந்த வேர்ல, எனக்கு ரொம்ப பிடிச்சது. முஅல்லிம்னா கத்துக் குடுக்குறவர், வாத்தியார். அரபு நாடுகள்ல கை தேர்ந்த மேஸ்திரி, சமையல்காரர், மெக்கானிக்கையும் மரியாதையா முஅல்லிம்னு கூப்பிடுவாங்க. பழைய காலத்துல இந்தியப் பெருங்கடல்ல கப்பலுக்கு வழி காட்டுறவருக்கும் இதே பேர்தான், 15-ம் நூற்றாண்டுல இப்னு மாஜித்னு பெரிய கடலோடி இருந்தார், இன்னிக்கு ராஸ் அல் கைமா இருக்க ஜுல்ஃபார்ல பிறந்தவர், அவரையும் முஅல்லிம்னுதான் சொன்னாங்க. அந்த வார்த்தை கப்பலோடவே நம்ம கரைக்கு வந்து சேந்துச்சு. நம்ம வாய்ல அது மாலுமி. தமிழ்ல மாலுமின்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் "கத்துக் குடுக்குறவரே"ன்னுதான் கூப்பிடுறோம்.

நாலாவது, உடுப்ப கழட்டுறது

இதான் தினம் செய்ய வேண்டிய வேலை. பலகைல ஒரு நீளமான வார்த்தை இருக்கும், அதுல மாவு எது அச்சு எதுன்னு பிரிக்கணும். ஒண்ண முழுசா செஞ்சு காட்டுறேன். ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், பெரிய ஆபீஸ் எல்லாத்துலயும் வாசல்ல ஒரு மேஜை மேல அல்இஸ்திஃலாமாத்னு எழுதியிருக்கும்.

மொதல்ல முன்னாடி இருக்க "அல்" எடுத்துடுங்க, அது "அந்த"ங்கிற மாதிரி ஒட்டு, ஆயிரம் வார்த்தைல வந்து ஒட்டும். மிச்சம் இஸ்திஃலாமாத். கடைசில இருக்க "ஆத்" பன்மை, அதையும் எடுத்துடுங்க. மிச்சம் இஸ்திஃலாம். முன்னாடி இருக்க "இஸ்தி" அச்சோட தலை, எடுத்துடுங்க. மிச்சம் ஃலாம், அதாவது அய்ன், லாம், நடுவுல நீட்டுற அலிஃப், மீம். அலிஃப் அச்சுல வர்றது, கழட்டிடுங்க. கைல நின்னது அய்ன்-லாம்-மீம், அறிவு. அச்சு என்ன? கேட்டு வாங்குறது. அறிவ கேட்டு வாங்குற இடம். விசாரணை மேஜை! அகராதியே தொறக்காம வந்துட்டோம் பாருங்க.

எத கழட்டலாம் எத கழட்டக்கூடாதுன்னு தெரிய அரபு வாத்தியாருங்க ஒரு சொல்லு வெச்சிருக்காங்க, ஸஅல்துமூனீஹா. "அத என்கிட்ட கேட்டீங்க"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி கோத்தது, அதுல இருக்க பத்து எழுத்துதான் கூடுதலா வந்து ஒட்டும்: ஸீன், ஹம்ஸா (சாதா "அ" சத்தத்துக்கான குறி), லாம், தா, மீம், வாவ், நூன், யா, ஹா, அலிஃப். இந்த பத்துல இல்லாத எழுத்து ஒரு வார்த்தைல இருந்தா அது அநேகமா வேர்ல உள்ளதுதான்னு வட்டம் போடலாம் (அச்சுக்காக இரட்டிச்சது வந்தா ஒண்ணா எண்ணுங்க). ஆனா தலைகீழா யோசிக்காதீங்க, பத்துல இருந்தா கூடுதல்னு அர்த்தம் இல்ல, முஅல்லிம்ல ரெண்டு மீம் இருக்கு, மொத மீம் அச்சோடது, கடைசி மீம் வேரோடது. குழம்புச்சுன்னா அய்ன் மாதிரி உறுதியான எழுத்துலேர்ந்து ஆரம்பிச்சு அங்கேர்ந்து முன்னும் பின்னும் பாருங்க.

இப்ப என் இக்காமா வரிக்கு திரும்ப வருவோம். தஹ்மீல், தஃலீம் அச்சு. முன்னாடி தா, நடுவுல யா, ரெண்டையும் எடுத்தா ஹா-மீம்-லாம், சுமக்குறது. சுமக்க வெக்குறது, அதாவது ஏத்துறது. ஹம்மால்னா சுமை தூக்குறவர். தன்ஸீலும் அதே அச்சு, நூன்-ஸா-லாம், எறங்குறது. எறங்க வெக்குறது, எறக்குறது. வேதம் எறங்குனதையும் தன்ஸீல்னுதான் சொல்றாங்க. போன்ல அரபுல ஒரு ஆப் எறக்கிப் பாருங்க, டவுன்லோட் பட்டன்ல தஹ்மீல், இல்லன்னா தன்ஸீல்னு இருக்கும். இதே வேர மக்தப் மாதிரி இட அச்சுல போட்டா மன்ஸில், பயணத்துல எறங்குற இடம், அப்புறம் வீடுன்னே ஆயிடுச்சு. நம்ம ஊர்ல வீட்டு நெத்தில "ஆயிஷா மன்ஸில்"னு எழுதுறாங்களே, அந்த மன்ஸிலும் நான் வெயில்ல லாரிலேர்ந்து எறக்கின பெட்டியும் ஒரே மாவு.

அஞ்சாவது, நோஞ்சான் எழுத்துங்க

வாவ், யா ரெண்டும் வேர்ல வந்தா பல இடத்துல நிக்காது. ஆ ஆகும், ஈ ஆகும், சில சமயம் காணாமலே போகும். இதுல பயந்துதான் நிறைய பேர் விட்டுடுறாங்க, பயப்பட வேண்டாம், உங்க பர்ஸ்லயே உதாரணம் இருக்கு. இக்காமா. வேர் காஃப்-வாவ்-மீம், நிக்குறது, நிலைக்குறது. அந்த காஃப் தொண்டைலேர்ந்து வர்ற காஃப், கிதாப்ல வர்றது வேற. வாவ் எங்கன்னு தேடுனா கிடைக்காது, அது "ஆ" ஆயிடுச்சு. தங்கி இருக்குறது இகாமா, தங்கி இருக்குறவர் முகீம், இப்ப கார்டு மேல எழுதியிருக்கறதும் ஹவிய்யத்து முகீம்னுதான். இதுல வாவ் "ஈ" ஆயிடுச்சு. தங்குற இடம் முகாம். ஆமா, நம்ம முகாம்தான். இக்காமா வாங்கி கேம்ப்ல தங்குறோம்னு சொல்றோமே, ரெண்டும் ஒரே வேர்.

வாவ்-ஸாத்-லாம், சேருறது. ஏர்போர்ட்ல வந்து எறங்குற பக்கம் அல்வுஸூல்னு போட்டிருக்கும், வருகை. உருது வழியா தமிழுக்கு வந்து அது வசூல் ஆச்சு, பணம் வந்து சேருறது. பணம் கட்டினா குடுக்குற ரசீதுக்கு ஈஸால், அங்க வாவ் "ஈ"க்குள்ள கரைஞ்சிடுச்சு. ரசீது வாங்காம நகராதீங்க, ஈஸால் வேணும்னு வாய் விட்டு கேளுங்க.

கவனமா இருக்க வேண்டிய இடங்கள்

அய்னையும் ஹம்ஸாவையும் குழப்புறதுதான் பெரிய ஆபத்து. தமிழ்ல ரெண்டுமே "அ" தான். அய்ன் போட்ட அலம் கொடி, ஹம்ஸா போட்ட அலம் வலி. டாக்டர் "ஃபீ அலம்?"னு வயித்த அமுக்கிக் கேட்டா வலி இருக்கான்னு கேக்குறார். இஃலாமும் இஃலானும் கேக்க ஒண்ணு மாதிரி இருக்கும், மீம்ல முடிஞ்சா மீடியா, நூன்ல முடிஞ்சா விளம்பரம், அறிவிப்பு, வேரே வேற.

உலகத்துக்கு ஆலம்னு பேர், ரப்புல் ஆலமீன்னு ஓதுறோம். படைச்சவன அறிய வெக்குற அடையாளம்தான் உலகம்னு பழைய உரைகாரங்க இந்த வேரோட சேத்து விளக்குவாங்க. மொழியியல் பக்கம் இது ஆராமிக் மொழிலேர்ந்து வந்த சொல்னு சொல்றாங்க. ஒரே மூணு எழுத்து இருந்தா ஒரே ரத்தம்னு எப்பவும் எடுத்துக்க முடியாது, ஆனா ஞாபகம் வெச்சுக்க ஒரே பக்கத்துல எழுதிக்கலாம், தப்பில்ல.

பன்மை உள்ள உடைஞ்சு வரும். ஆமில் – உம்மால், ஆலிம் – உலமா, இல்ம் – உலூம், அலம் – அஃலாம். உலமான்னாலே பன்மைதான், நாம அதுக்கு மேல க்கள் போட்டு உலமாக்கள்னு சொல்றோம், தமிழுக்கு அது சரிதான். மாவ மட்டும் பாத்தீங்கன்னா பன்மை எந்த உருவத்துல வந்தாலும் அடையாளம் தெரிஞ்சிடும்.

அப்புறம் தமிழ்ல இருக்கேன்னு அர்த்தத்த அப்படியே தூக்கிட்டு போகாதீங்க. நம்ம ஊர்ல நகல்னா காப்பி. சவூதில நக்ல்னா இடம் மாத்துறது, போக்குவரத்து. நக்ல் கஃபாலான்னு பேச்சு அடிபடும், ஒரு கஃபீல்ட்டேர்ந்து, அதாவது நம்ம விசாவுக்கு பொறுப்பான முதலாளிட்டேர்ந்து, இன்னொரு கஃபீலுக்கு மாறுறது அது, ஜெராக்ஸ் இல்ல. எழுத்த ஒரு தாள்லேர்ந்து இன்னொரு தாளுக்கு மாத்துறதுங்கிற வழில அது நம்மகிட்ட காப்பி ஆச்சு. தகராறு, அரபுல தக்ரார், திரும்ப திரும்ப செய்யுறது, ஒரே பேச்ச திரும்ப திரும்ப பேசினா சண்டைதானே. சவால், அங்க சுஆல், வெறும் கேள்விதான், யாராவது "இந்தீ சுஆல்"னு சொன்னா சண்டைக்கு கூப்பிடல. பதில் அங்க பதல், ஒண்ணுக்கு மாத்தா இன்னொண்ணு, "அதுக்கு பதிலா"ன்னு நாம சொல்றதுல அந்த பழைய அர்த்தம் அப்படியே இருக்கு. மனு தாக்கல்ல இருக்க தாக்கல், தாகில், உள்ள போறது, வாசல்ல துகூல்னு இருந்தா நுழைவு. சட்டசபை மசோதா அரபுல முஸவ்வதா, மையால கருப்பாக்கினது, வேர் ஸீன்-வாவ்-தால், கருப்பு, சூடான்ங்கிற நாட்டுப் பேரும் அதே வேர்தான். இத சொன்னப்போ பெரியவர் முகத்துல வந்த சந்தோஷம் இன்னும் கண்ணுல நிக்குது.

எப்படி பழகுறது

80 பக்க நோட்டு ஒண்ணு வாங்குங்க. ஒரு பக்கம் ஒரு வேர். மேல மூணு எழுத்த தனித்தனியா பெருசா எழுதுங்க, கீழ கண்ணுல பட்ட வார்த்தைய மட்டும் எழுதுங்க, எங்க பாத்தீங்கன்னு பக்கத்துல குறிங்க, "மருந்து டப்பா", "ரோட்டு பலகை"ன்னு. அகராதிய பாத்து ஒரே நாள்ல இருபது வார்த்தை காப்பி அடிச்சா ஒண்ணும் நிக்காது, நான் செஞ்சு பாத்தது. வாரத்துக்கு ஒரு வேர் போதும். மொத மாசத்துக்கு காஃப்-தா-பா, அய்ன்-மீம்-லாம், அய்ன்-லாம்-மீம், அப்புறம் கா-ரா-ஜீம். கடைசில சொன்னது வெளிய போறது, குரூஜ் வ அவ்தான்னா போயிட்டு வர்ற விசா, குரூஜ் நிஹாயீன்னா ஒரேயடியா போறது, ரியாத் ரிங் ரோட்டுல மக்ரஜ்னு போட்டு நம்பர் இருக்கும், வெளிய எறங்குற வழி. குரூஜ்னு பொதுவா சொன்னா எந்த குரூஜ்னு கேட்டு தெளிவாகாம பாஸ்போர்ட்ட குடுத்துடாதீங்க.

அகராதி வாங்குறதா இருந்தா ஹான்ஸ் வேர் (Hans Wehr)ங்கிறவர் போட்டது நல்லது, 1952-ல ஜெர்மன்ல வந்து 1961-ல இங்கிலீஷ்ல வந்தது. வேர் வரிசைல இருக்கும், அதனால முஅல்லிம மீம்ல தேடுனா கிடைக்காது, அய்ன்-லாம்-மீமுக்கு போகணும். புதுசா வர்றவங்க மொத நாள் இதுலதான் முட்டிக்குவாங்க. ஒவ்வொரு வேருக்கும் கீழ ரோமன் நம்பர் போட்டு 2, 4, 10னு வரும், அதெல்லாம் அச்சோட நம்பர், 2 கத்துக் குடுத்தான், 4 தெரிய வெச்சான், 5 கத்துக்கிட்டான், 10 விசாரிச்சான். குர்ஆன் ஓதத் தெரிஞ்சவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு, அலக் சூராவோட 5-வது வசனம் எடுங்க, அல்லமல் இன்ஸான மா லம் யஃலம். அல்லம – கத்துக் குடுத்தான், யஃலம் – அறியுறான், ஒரே வேர் ஒரே வரில ரெண்டு உடுப்புல வருது. நடுவுல இருக்க லம் தனிச் சொல், இல்லைன்னு அர்த்தம், அத போய் வட்டம் போட்டுடாதீங்க. மனிதனுக்கு அவன் அறியாதத கத்துக் குடுத்தான். சின்ன வயசுலேர்ந்து ஓதிக்கிட்டே வந்த வரி தானா வாய தொறந்து அர்த்தம் சொல்ற மாதிரி இருக்கும்.

இன்னிக்கே ஆரம்பிக்கணும்னா உங்க கான்ட்ராக்ட எடுங்க. மேல அக்துல் அமல்னு இருக்கும், அக்துன்னா முடிச்சு, வேலை முடிச்சு. உள்ள ஸாஹிபுல் அமல்னு வந்தா முதலாளி, அல்ஆமில்னு வந்தா நீங்க, ஸாஆத்துல் அமல்னு வந்தா எத்தன மணி நேரம்ங்கிறது, அதுக்கு பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும். பென்சில் எடுத்து அய்ன்-மீம்-லாம் வர்ற இடத்துல எல்லாம் வட்டம் போடுங்க, ரெண்டு மூணு பக்கத்துல நிறைய விழும். வட்டம் போட்டுட்டு அந்த வரிங்கள மட்டும் அரபு தெரிஞ்ச ஒருத்தர்ட்ட காட்டி முழுசா அர்த்தம் கேளுங்க. கையெழுத்து அதுக்கு அப்புறம்.